ஜன்னல் பக்கம், வாசல் பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

பதினோரு வருஷமாகப் பரதம் கற்றுக்கொள்கிறேன். போன சனிக்கிழமை எங்கள் மிஸ் அவசரமாக ஊருக்குப் போக வேண்டியிருந்ததால், சின்னப் பிள்ளைகள் வகுப்பை என்னை எடுக்கச் சொன்னார். பத்தொன்பது பேர், ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை. ஒரு மணி நேரம். நாட்டடவு என்கிற அடிப்படை அசைவு வகையில் புதிதாக ஒன்று சொல்லித் தரலாம் என்று தயார் செய்துகொண்டு போனேன். வைத்திருந்ததெல்லாம் நாற்பது நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. "வலது" என்று சொல்லிக்கொண்டே நான் வலப்பக்கம் போக, என்னைப் பார்த்த பிள்ளைகள் ஒரு பக்கமும் சொன்னதைக் கேட்ட பிள்ளைகள் மறுபக்கமும் போய், இரண்டு பேர் மண்டையை இடித்துக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி எதற்கெடுத்தாலும் "எங்க மிஸ் இப்படிச் சொல்லித் தரமாட்டாங்க" என்றாள். கடைசி இருபது நிமிஷம் சினிமாப் பாட்டைப் போட்டு ஆடவிட்டேன். கூட்டிப்போக வந்த அம்மாக்கள் பார்த்தது அதைத்தான். வரும் சனிக்கிழமையும் நான்தான் எடுக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிடலாமா? மிஸ் பணம் கொடுத்தால் வாங்கலாமா?

அ., மதுரை

*

அன்புள்ள அ.,

போங்கள். மண்டை இடித்த பிள்ளை அன்று ராத்திரியே அதை மறந்திருக்கும். நீங்கள்தான் இன்னும் தடவிக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. இருபத்து மூன்று வயதில், திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துப் பந்திக் கூடத்தில். எங்கள் டீச்சருக்குக் காய்ச்சல். பதினைந்து பிள்ளைகளையும் தாளம் தட்டும் தட்டுக்கழியையும் என் கையில் கொடுத்துவிட்டார். ஆடுவதுதான் கஷ்டம், தட்டுவது என்ன பெரிய வித்தை என்று அதுவரை நினைத்திருந்தேன். "தெய்யா தெய்" என்று முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஆரம்பித்தது. வாயில் அந்தத் தாளச் சொல்லுக்கட்டு, கையில் கழி, கண் பதினைந்து ஜோடிக் கால்களில். தாளத்தைக் கவனிக்க ஆளில்லை. அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. இரண்டாம் காலத்துக்கு மாறுவதற்கு முன்பே பிள்ளைகள் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். ஒரு எட்டு வயதுப் பையன் மட்டும் சட்டென்று நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அக்கா, ஓடுது" என்றான். வைதிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. உட்கார்ந்து, பார்வையைக் கழி விழும் கட்டையான தட்டுமனைக்குக் கொண்டுவந்து, மறுபடி முதலிலிருந்து தட்டினேன். அந்தக் கட்டையில் டீச்சர் தட்டித் தட்டி ஓர் இடம் மட்டும் குழிந்திருந்தது. அங்கே தட்டினால்தான் சத்தம் கணீரென்று வந்தது. வேறெங்கே தட்டினாலும் மொத்தென்று விழுந்தது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தப் 'புதிதாக ஒன்று'தான். எதற்குப் புதிது? பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோம். அலமாரியை மாற்றி அடுக்க மாட்டோம். அந்த வகுப்பு மிஸ்ஸுடையது. எந்த அடவை எப்போது, எப்படிச் சொல்லித் தருவது என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருக்கும். ஓர் அடவு முதல் தடவை தப்பாகக் காலில் ஏறிவிட்டால், அதை இறக்க அவருக்கு ஒரு மாசம் ஆகும். ஏற்கெனவே தெரிந்த தட்டடவை, காலைத் தரையில் தட்டும் அந்த முதல் பாடத்தை, மூன்று காலமும் ஒழுங்காகப் போட வைத்து அனுப்பினாலே போதும்.

இன்றைக்கே அவருக்குப் போன் போடுங்கள். எதுவரை ஆகியிருக்கிறது, யாருக்கு முட்டி வலி, யாருக்கு வீசிங், யாரை யார் கூட்டிப்போக வருவார்கள், எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆட்டத்தில் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம், பிள்ளையைத் தெரியாத ஆளோடு அனுப்பிவிட்டால் என்ன செய்வது? அதே போனில் சினிமாப் பாட்டு விஷயத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஓர் அம்மா சொல்லி அவருக்குத் தெரியவந்தால் அது வேறு கதையாகிவிடும். சினிமாப் பாட்டுக்கு நான் விரோதியில்லை. ஆனால் அதைப் போட அனுமதி கொடுக்க வேண்டியவர் ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த வலது இடதுக்கு வருவோம். எதிரே நின்று சொல்லித் தருகிறவர் கண்ணாடியாக நிற்க வேண்டும். பிள்ளைகளின் வலது காலுக்கு உங்கள் இடது கால். வாய் "வலது" என்று சொல்ல, உடம்பு இடது பக்கம் போக வேண்டும். பதினோரு வருஷப் பழக்கத்துக்கு எதிராக உடம்பைத் திருப்புவது. வீட்டில் தனியாகப் பத்து நாள் பழகினால் வந்துவிடும், உங்களுக்கு இருப்பதோ நாலைந்து நாள். அதனால் ஒரு குறுக்கு வழி சொல்கிறேன்: சின்னதுகளிடம் வலது இடது என்றே சொல்லாதீர்கள். "ஜன்னல் பக்கம்", "வாசல் பக்கம்" என்று சொல்லுங்கள். எதிரே நின்றாலும் முதுகைக் காட்டி நின்றாலும் ஜன்னல் ஜன்னல்தான். மண்டபத்தில் நான் "சமையல்கட்டுப் பக்கம்", "பந்திப் பக்கம்" என்றேன். ஒரு தலையும் இடிக்கவில்லை.

மதுரைக்காரருக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராஜர் கால் மாறி நிற்கிறார். மற்ற ஊர்களில் தூக்கியிருப்பது இடது கால், இங்கே வலது. 63 கலைகள் படித்த ராஜசேகர பாண்டியன் மிச்சமிருந்த ஆடற்கலையைக் கற்கப் போய், உடம்பெல்லாம் வலித்து, நமக்கே இப்படியென்றால் எப்போதும் ஒற்றைக்காலில் நிற்கிறவருக்கு எப்படி வலிக்கும் என்று நினைத்து, காலை மாற்றச் சொல்லி வேண்டிக்கொண்டான் என்பது திருவிளையாடல் புராணம். சரி. ஆனால் நீங்கள் அந்தச் சன்னதியில் நேர் எதிரே நின்று, அவரைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு அப்படியே காலைத் தூக்கிப் பாருங்கள். எழும்புவது உங்கள் இடது கால். சிதம்பரத்து நிலை வந்துவிடும்! சின்னப் பிள்ளைகள் வகுப்பெடுக்கத் தெரிந்தவர் நம்மூர்க்காரர்தான் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு. புராணத்தில் இப்படி இல்லை, என் சொந்தச் சரக்கு. காலைத் தூக்கும்போது பின்னால் கூட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜாவுக்கே வலித்த வித்தை. ஆறு வயசுக் காலை, முட்டியை வெளியே மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் ரொம்ப நேரம் உட்கார வைக்காதீர்கள். முட்டி உள்ளே மடங்க ஆரம்பித்ததும் நிமிரச் சொல்லிவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால் எல்லோரையும் தரையில் உட்கார வைத்துக் கைமுத்திரைக்குப் போய்விடுங்கள். ஒற்றைக்கையில் மட்டும் 28 இருக்கின்றன, நேரம் போவது தெரியாது. சுகதுண்டத்தைப் பிடித்துக்காட்டி, "இது கிளி மூக்கு. நம்ம ஊர்ல கிளி யார் கையில இருக்கு?" என்று கேளுங்கள். பத்தொன்பது பேரும் கத்துவார்கள். அப்புறம் மயூரம், மயில் வந்தால் முருகன், முருகன் வந்தால் திருப்பரங்குன்றம். இருபது நிமிஷம் எங்கே போனதென்று தேடுவீர்கள். ஆட்டம் சொல்லித் தந்த பழைய நட்டுவனார்கள் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலிருந்து, கழியாலும் சொல்லாலுமே ஆட்டத்தை வரவழைத்தவர்கள். முழு நேரமும் நின்று ஆடிக்காட்டினால்தான் வகுப்பு என்று யாரும் சொல்லவில்லை.

அந்த முன்வரிசைப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அடுத்த தடவை அவள் "எங்க மிஸ்" என்று ஆரம்பித்ததும், "அப்படியா, மிஸ் எப்படிச் சொல்லித் தந்தாங்க? முன்னால வந்து செஞ்சு காட்டு" என்று சொல்லுங்கள். ஒன்று, சரியாகச் செய்து காட்டுவாள். உங்களுக்கு ஒரு கண்ணாடி கிடைத்துவிடும், நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்து தட்டலாம். இல்லையென்றால் பாதியில் மறந்துபோய் நாக்கைக் கடித்துக்கொள்வாள். அதற்குச் சிரித்துவிடாதீர்கள்.

பணம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஐம்பது ரூபாயும் இரண்டு முழம் மல்லிகையும் கிடைத்தன. ரூபாயை என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. பூ பஸ்ஸில் கொஞ்சம் கசங்கிவிட்டது.