தனி அறைக்குப் பயந்து இருமலை மறைக்கும் தம்பி

ஆஸ்துமா உள்ள உங்கள் தம்பி, சொன்னால் தனிக்கொட்டடியில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து சிறையில் இருமலை மறைக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் ஆஸ்துமாக்காரர் மறைப்பது ஆபத்து.

சிறை மருத்துவருக்கும் கண்காணிப்பாளருக்கும் இன்றே மனு எழுதுங்கள். நோய், இன்ஹேலரின் பெயர், அளவு, பழைய மருந்துச்சீட்டின் நகல் எல்லாம் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் வராதீர்கள். வக்கீலுக்கும் ஒரு பிரதி. தனிமைப்படுத்தினால் அது தண்டனை அறையாக இருக்கக் கூடாது, தினமும் மருத்துவர் பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போன் பேச விட வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். வெளியில் கிடைக்கும் அதே தரமான சிகிச்சை கைதிக்கும் உண்டு என்கிறது கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐ.நா.வின் மண்டேலா விதிகளில் (2015) 24-ஆவது விதி. அதையும் குறிப்பிடுங்கள்.

அப்புறம், இன்ஹேலர் அவர் கையிலேயே இருக்கிறதா, அலுவலகத்தில் பூட்டி வைத்திருக்கிறார்களா? ராத்திரி மூச்சு திணறினால் அதுதான் முக்கியம். முதலில் அதை விசாரியுங்கள்.