பாஸ் அனுப்புற படத்த நம்பலாமோ?

இந்த முறை வந்த கடிதமெல்லாம் வீடு கட்டுற கதையாத்தான் கிடக்கு, அதால தண்ணி மோட்டர், சோலர் கேள்விகளை அடுத்த மாசத்துக்கு வச்சிட்டு இதையே எடுக்கிறன். சைட்டில இருபது வருசத்துக்கு மேல நிண்ட எஞ்ஜினியர் எண்ட முறையிலயும், சொந்த வீட்டைக் கட்டி ஒரு இடத்தில நல்லா ஏமாந்தவன் எண்ட முறையிலயும் பதில் சொல்றன்.

கேள்வி: தெஹிவளையில எட்டு பேர்ச் காணியில ரெண்டு மாடி வீடு கட்டத் தொடங்கியிருக்கிறம். இவர் டோஹாவில, நான் கோட்டையில ஒரு ஒஃபிஸில, விடிய ஏழு மணிக்கு வெளிக்கிட்டா பின்னேரம் ஆறு மணிக்குத்தான் திரும்புவன். வேலையைப் பொறுப்பெடுத்த மேசன் பாஸ் நல்ல மனுசன், ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில படம் அனுப்புவார். ஆனா பக்கத்து வீட்டு அன்ரி, சீமெந்து குறைச்சுப் போடுறாங்கள் பிள்ளை, நீ லீவு போட்டுப் போய் நில்லு எண்டு பயப்படுத்துறா. அத்திவாரம் முடிஞ்சு இப்ப தூண் எழும்புது. ஆறு மாசம் நோ பே லீவு எடுக்கட்டோ? – வாசகி, தெஹிவளை

பதில்: லீவு எடுக்காதீங்கோ தங்கச்சி. ஆறு மாசம் கதிரை போட்டு இருந்தாலும் கனக்க நாள் நீங்க பாக்கப் போறது மேசன் கல்லு அடுக்கிறதத்தான், அதைக் கோணலா அடுக்கினா நாளைக்கும் கோணலாத்தான் நிக்கும், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாத்தாலும் தெரியும். எனக்குப் பயம் பிறகு கண்ணுக்குத் தெரியாமப் போற சாமான்களில. கம்பி கொங்கிரீட்டுக்குள்ள போயிடும், பைப்பும் வயரும் பூச்சுக்குள்ள போயிடும், வாட்டர்புரூஃப் டைல்ஸுக்குக் கீழ போயிடும், கறையான் மருந்து நிலத்துக்குக் கீழ போயிடும். இதெல்லாம் மூடுற நாள் ஒரு வீட்டுக்கு எட்டோ பத்தோதான் வரும், அந்த நாளுகளுக்கு அரை நாள் லீவு போதும். பாஸிட்ட ஒரே ஒரு கதை சொல்லி வையுங்கோ: மூடுறதுக்கு ரெண்டு நாளுக்கு முன்னம் எனக்குச் சொல்லவேணும், நான் பாக்காம மூடினா உடைச்சுக் காட்டவேணும். அக்ரிமென்டில இல்லாட்டி இப்ப ஒரு தாளில எழுதி ரெண்டு பேரும் சைன் வையுங்கோ. நல்ல மனுசன் எண்டா கோவிக்க மாட்டார்.

உங்களுக்கு இப்ப தூண், அதில இருந்தே தொடங்கலாம். பலகை அடிக்க முன்னம் போய்ப் பாருங்கோ, பிளானில எத்தின கம்பி எண்டு போட்டிருக்கோ அத்தின நிக்குதோ, சுத்தி வாற வளையங்களுக்கிடையில உள்ள தூரம் பிளானில உள்ளதுதானோ (டேப் ஒண்டு ஹான்ட்பேக்கில கிடக்கட்டும்), வளையத்தின்ர நுனி உள்பக்கமா நல்லா மடிச்சிருக்கோ. பேந்து கம்பிக்கும் பலகைக்கும் நடுவில கவர் புளொக் (கம்பி பலகையில முட்டாமத் தள்ளிப் பிடிக்கிற சின்னக் கட்டை) கட்டியிருக்கோ எண்டு பாருங்கோ, சில பேர் ஓட்டுத் துண்டைச் செருகி விடுவினம், அது கொங்கிரீட் போடேக்க விழுந்திடும், கம்பி பலகையோட ஒட்டி நிக்கும். தெஹிவளை எண்டா உப்புக்காத்து, கம்பிக்கு மேல கொங்கிரீட் மெல்லிசா இருந்தா கொஞ்ச வருசத்தில துருப்பிடிச்சு ஊதி வெடிக்கும். காலி ரோட்டுக்குக் கடல் பக்கமா உள்ள பழைய வீடுகளின்ர பல்கனி அடிப்பக்கத்தைப் பாத்திருப்பீங்கள்.

கம்பி சரியான மொத்தமோ எண்டு பாக்க எஞ்ஜினியர் வேண்டாம், தராசு போதும். ஒரு மீட்டர் கம்பியின்ர நிறை கிலோவில எவ்வளவெண்டா, அதின்ர விட்டத்தை மில்லிமீட்டரில எடுத்து அதாலயே பெருக்கி 162 ஆல பிரிச்சா வாறது. அந்தக் கணக்குப்படி 6 மீட்டர் நீளமான 12 மில்லிமீட்டர் கம்பி ஒண்டு 5.3 கிலோ, 10 எண்டா 3.7 கிலோ, 16 எண்டா 9.5 கிலோ. கொஞ்சம் கூடிக் குறையும், பரவாயில்ல, ஆனா 12 எண்டு சொல்லி வந்த கம்பி நாலரைக் கிலோ காட்டினா லொறியைத் திருப்பி அனுப்புங்கோ. கம்பியில எஸ்.எல்.எஸ் (இலங்கைத் தரநிலை) 375 எண்ட அடையாளம் இருக்கவேணும், சாதாரண போர்ட்லண்ட் சீமெந்து எண்டா பேக்கில எஸ்.எல்.எஸ் 107.

இப்ப அன்ரியின்ர சீமெந்துக் கதைக்கு வாறன். அன்ரி சும்மா சொல்லேல்ல, 2022 இல சீமெந்து ஒரே வருசத்துக்குள்ள இரண்டு மடங்குக்கு மேல ஏறின நேரம் கன பேர் கலவையில கை வச்சது எனக்கும் தெரியும். ஆனா இதைப் பிடிக்கிறதுக்கு நாள் முழுக்க மிக்ஸருக்குப் பக்கத்தில நிக்கத் தேவையில்ல, வெறும் பேக்கை எண்ணினாப் போதும். உதாரணத்துக்கு 1000 சதுர அடி ஸ்லாப், அஞ்சு அங்குல மொத்தம் எண்டா கிட்டத்தட்ட 417 கன அடி கொங்கிரீட். 1:2:4 கலவையில (சீமெந்து ஒண்டு, மணல் ரெண்டு, மெட்டல் எண்ட கருங்கல் சல்லி நாலு) போட்டா ஏறத்தாள 73 பேக் சீமெந்து வேணும், 1:1½:3 எண்டா 93 பேக். பீம் வேற, அது இதுக்கு மேல. இப்ப எஞ்ஜினியர் பிளானில கிரேட் 25 (கிட்டத்தட்ட அந்த 1:1½:3 கலவை) எண்டு எழுதியிருக்க, பின்னேரம் நீங்க போய் எண்ணேக்க வெறும் பேக் 60 கிடந்தா கதை முடிஞ்சுது. அதால ஸ்லாப் போடுற விடிய களஞ்சியத்தில எத்தின பேக் எண்டு எண்ணி எழுதிப்போட்டு, வெறும் பேக் ஒண்டும் வெளிய போகக்கூடாது எண்டு சொல்லுங்கோ.

அதைவிட மோசமான களவு ஒண்டிருக்கு, அதை ஒருத்தரும் களவெண்டு நினைக்கிறேல்ல. தண்ணி. ஒரு 50 கிலோ பேக்குக்கு 25 லீட்டர், கூடினா 27 போதும், மணல் ஈரமெண்டா அதிலயும் குறைக்கோணும். ஆனா இழுத்துப் போட லேசா இருக்கோணும் எண்டு ஹோசை அப்பிடியே மிக்ஸருக்குள்ள விட்டிடுவினம், கொங்கிரீட் பாயாசம் மாதிரி ஓடும், பாக்க வழுவழுப்பா வடிவாவும் இருக்கும், பிறகு அந்தத் தண்ணி காயேக்க உள்ளுக்கு நுண்ணிய ஓட்டை ஓட்டையா விட்டிட்டுப் போகும். சீமெந்து குறைஞ்ச அளவு கெடுதல் தண்ணி கூடினாலும் வரும். ஒரு வாளியில அளவு கோடு போட்டுக் குடுங்கோ, ஹோஸ் மிக்ஸர் பக்கமே வரக்கூடாது. மணலுக்கும் மெட்டலுக்கும் சவலால அள்ளிப் போடாம அளவுப் பெட்டி செய்யச் சொல்லுங்கோ, ஒரு பேக் சீமெந்து ஒண்டேகால் கன அடி, அதே அளவில பெட்டி செய்தா கணக்கு லேசு. ஈர மணல் ஊதி நிக்கும், பெட்டி நிரம்பினாலும் உள்ள மணல் குறைவுதான், அதையும் பாஸுக்குச் சொல்லி வையுங்கோ.

ஸ்லாப் அண்டைக்கு மட்டும் முழு நாள் லீவு எடுங்கோ. பிளான் கீறின எஞ்ஜினியரை அதுக்கு முந்தின நாளே கூப்பிட்டு கம்பியைப் பாக்க வையுங்கோ, அவருக்குக் குடுக்கிற காசு இந்த வீட்டிலயே நல்லாச் செலவழிச்ச காசு. விடியவே தொடங்கச் சொல்லுங்கோ, ஒக்டோபர் நவம்பரில கொழும்பில பின்னேர மழை சொல்லிக்கொண்டு வராது, பொலித்தீன் ஷீட் பக்கத்தில ரெடியாக் கிடக்கட்டும். கொங்கிரீட்டை இறுக்கிற வைப்ரேட்டர் ரெண்டு இருக்கோணும், ஒண்டு கட்டாயம் பழுதாகும். கம்பிக்கு மேல ஆக்கள் நடந்து மேல் கம்பியை மிதிச்சுக் கீழ தள்ளாம பலகை போடவேணும், பல்கனி எண்டா இது உயிர்ப் பிரச்சினை, அங்க மேல் கம்பிதான் பாரத்தைத் தாங்குது. றெடிமிக்ஸ் (கலந்தே லொறியில வாற கொங்கிரீட்) எடுத்தா டிக்கட்டில என்ன கிரேட், எத்தின மணிக்கு லோட் பண்ணினது எண்டு பாருங்கோ, பலம் பாக்க 150 மில்லிமீட்டர் கொங்கிரீட் கியூப் ஆகக்குறைஞ்சது ஆறு எடுக்கச் சொல்லுங்கோ, மூண்டு ஏழாம் நாள் உடைக்க, மூண்டு இருபத்தெட்டாம் நாள் உடைக்க.

அடுத்த நாளில இருந்து ஆகக்குறைஞ்சது ஏழு நாள் தண்ணி. சுத்திவர சின்ன வரம்பு கட்டித் தண்ணியைத் தேக்கிறது நல்லம், காலையில ஒருக்கா ஹோஸ் பிடிச்சு நனைக்கிறது கியூரிங் (கொங்கிரீட்டைக் காயவிடாம ஈரமா வச்சிருக்கிறது) இல்ல. முட்டுகளை பதினாலு நாளுக்கு முன்னம் கழட்ட விடாதீங்கோ, பீமுக்குக் கீழ மூண்டு கிழமையாவது நிக்கட்டும். அடுத்த சைட்டுக்குப் பலகை வேணுமெண்டு பாஸ் வந்து நிப்பார், சிரிச்சுக்கொண்டே மாட்டன் எண்டு சொல்லுங்கோ.

வட்ஸ்அப் படம் கூடாதெண்டு சொல்லேல்ல, ஆனா கம்பி கட்டினதை எடுக்கேக்க டேப்பை விரிச்சு வச்சு நம்பர் தெரிய எடுக்கச் சொல்லுங்கோ. டேப் இல்லாத படம் பாஸின்ர செல்ஃபி மாதிரித்தான், வடிவா இருக்கும், ஒண்டும் சொல்லாது. பைப், வயர் போற சுவரெல்லாம் பூச முன்னம் நீங்களே எடுத்து வையுங்கோ, பத்து வருசத்துக்குப் பிறகு ஏசி பூட்ட ட்ரில் பண்ணேக்க நன்றி சொல்லுவீங்கள்.

நான் ஏமாந்த கதை: என்ர வீட்டில மேல் பாத்ரூமுக்கு வாட்டர்புரூஃப் அடிச்ச கிழமை மருமகளின்ர கலியாணம், நான் ஊருக்குப் போயிட்டன். ரெண்டு அங்குலம் தண்ணி நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனனான், பாத்தாச்சு சேர் எண்டு என்ர பாஸ் சொன்னவர், வந்து பாக்க டைல்ஸ் ஒட்டி முடிஞ்சுது. இண்டைக்கும் என்ர சாப்பாட்டு மேசைக்கு மேல சீலிங்கில மஞ்சளா ஒரு படம் நிக்குது, பேரப்பிள்ளை அதை யானை எண்டு சொல்லுவான்.

கேள்வி: எங்க வீடு கொட்டாஞ்சேனையில, தாத்தா காலத்து கபுக்கல்லு (செம்புறைக்கல்) வீடு, சுவரு ஒன்றரை அடி மொத்தம். தம்பிக்கு கல்யாணம், மேல ஒரு மாடி போடலாம்னு இருக்கோம். இவ்வளவு மொத்த சுவரு தாங்காதான்னு பாஸ் கேக்குறாரு. தாங்குமா சார்? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பாஸ் கேட்டது கேள்வி தம்பி, அதைப் பதிலா எடுத்துக்காதீங்க. சுவர் மொத்தமா இருக்கலாம், ஆனா அந்தக் காலத்து வீடுகள்ள கல்லுக்கு நடுவில சுண்ணாம்புச் சாந்துதான் அதிகம், கீழ எவ்வளவு ஆழத்துக்கு அத்திவாரம் போகுதுன்னு மேல இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது. சுவருக்குப் பக்கத்தில ரெண்டு இடத்தில சின்னக் குழி வெட்டி அடிவரைக்கும் பாருங்க, ஸ்ட்ரக்சரல் எஞ்ஜினியர் ஒருத்தர் கூட நிக்கணும். பெரும்பாலும் முடிவு என்னவா வரும்னா, பழைய சுவரை அதன்பாட்டில விட்டுட்டு வீட்டுக்குள்ளேயே தனித் தூண், தனி அத்திவாரம் போட்டு மேல் மாடியை அதில நிறுத்துறது. செலவு கூடதான். மாடி போட மாநகர சபை அனுமதி தனியா வேணும், பழைய வீடுதானேன்னு விட்டுடாதீங்க. அங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் இருக்கிறது சாதாரணம், வேலை தொடங்க முன்னாடியே பக்கத்து வீட்டு ஆக்களையும் கூட்டிட்டுப் போய் அவங்க சுவரில ஏற்கனவே உள்ள வெடிப்பையெல்லாம் திகதியோட படம் எடுத்து அவங்களுக்கும் ஒரு கொப்பி குடுங்க. இல்லாட்டி அவங்க தாத்தா காலத்து வெடிப்புக்கும் நீங்கதான் காசு கட்டணும்.

கேள்வி: ஆத்து மணல் விலை தாங்கேலாது, கடல் மணல் எண்டா குறைச்சலாத் தாறன் எண்டு லொறிக்காரர் சொல்றார். போடலாமோ? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: கழுவின கடல் மணல் எண்டா போடலாம். முத்துராஜவெலவில குவிச்சு வச்சு உப்புப் போகவிட்டு விக்கிற மணலை எத்தினையோ கட்டிடத்துக்குப் போட்டிருக்கினம். உங்கட லொறிக்காரர் கொண்டு வாறது எங்கத்த மணல் எண்டதுதான் கேள்வி, பில் கேளுங்கோ. கம்பி போற கொங்கிரீட்டுக்கு எண்டா ஒரு பையில மணல் எடுத்துக்கொண்டு ஜாவத்தை வீதியில இருக்கிற தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தில குடுத்து உப்பு எவ்வளவு எண்டு பாக்கலாம். நாக்கில வச்சுப் பாக்கிற ஆக்களும் இருக்கினம், எனக்கு அதில நம்பிக்கை இல்ல. களி இருக்கோ எண்டு பாக்க வீட்டிலயே ஏலும்: கண்ணாடிப் போத்தலில பாதிக்கு மணல், கொஞ்சம் உப்புப் போட்ட தண்ணி ஊத்திக் குலுக்கி மூண்டு மணித்தியாலம் வையுங்கோ, மணலுக்கு மேல படியிற களி மணல் உயரத்தில பத்தில ஒரு பங்கை எட்டினா அந்த லோட் வேண்டாம். பேந்து லொறி வந்தா பெட்டியின்ர நீள அகல உயரத்தை அளங்கோ, மணலில ஒரு கியூப் எண்டா 100 கன அடி.

கேள்வி: பாஸ் முழுக் காசில நாப்பது வீதம் அட்வான்ஸ் கேக்கிறார். குடுக்கலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், நுகேகொடை

பதில்: வேண்டாம் சேர். இருபது வீதத்துக்கு மேல போகாதீங்கோ, மிச்சத்தை வேலை முடிய முடியக் குடுங்கோ, அத்திவாரம், ஸ்லாப், கூரை எண்டு பிரிச்சு. ஒவ்வொரு பில்லிலயும் பத்து வீதம் பிடிச்சு வையுங்கோ, அது மொத்தக் கொந்தராத்தில அஞ்சு வீதம் ஆனதும் நிப்பாட்டலாம். அதில பாதி வீடு கையில தரேக்க, மற்றப் பாதி ஒரு வருசம் கழிச்சு. ஒரு மழைக்காலம் போனாத்தான் கூரை கதைக்கும். இந்த முறை நான் கண்டுபிடிச்சதில்ல, முந்தி இக்டாட் எண்டு சொன்னதும் 2014 சட்டத்துக்குப் பிறகு நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை ஆனதுமான இடத்தின்ர மாதிரி ஒப்பந்தங்களிலயே இருக்கு.

கேள்வி: வீடு முடிஞ்சுது, சி.ஓ.சி (பிளான்படி கட்டினதெண்டு தாற இணக்கச் சான்றிதழ்) எடுக்காமக் குடி போனா என்ன? – வாசகர், இரத்மலானை

பதில்: நகர அபிவிருத்தி அதிகார சபையின்ர விதிப்படி அந்தச் சான்றிதழ் இல்லாமக் குடி போக ஏலாது. நாளைக்கு விக்கப் போனாலும் பாங்கில லோன் கேட்டாலும் அதைத்தான் முதல் கேப்பினம். பிளானில இல்லாத அறை ஏதும் பின்பக்கத்தில எழும்பியிருக்கோ? அதுக்குத்தான் கேக்கிறீங்கள் எண்டு நினைக்கிறன். அப்பிடியெண்டா பால் காய்ச்ச நாள் பாக்க முன்னம் பிளான் கீறின ஆளிட்டப் போங்கோ.