புகை எங்கே போகிறது? பயனீட்டாளர் கேள்வி-பதில்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் அடுப்படிச் சிம்னி பற்றிய கடிதங்கள்தான். சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: சுவரில் ஓட்டை போட வேண்டாம், குழாயும் வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னதால் ஒரு சிம்னி வாங்கினோம். நெத்திலி பொரித்தால் வாடை படுக்கையறை வரை வருகிறது. சிம்னி பழுதா?

பதில்: பழுது இல்லை. அது அப்படித்தான். சிம்னி அடிப்படையில் இரண்டே வகை. ஒன்று, புகையைக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளும். மற்றொன்று, எண்ணெயை வடிகட்டி, வாடையைக் கரி ஃபில்டரில் பிடித்து, காற்றை மறுபடி அடுப்படிக்குள்ளேயே விடும். வெப்பமும் நீராவியும் அப்படியே உள்ளே நிற்கும். அந்தக் கரியைப் பெரும்பாலும் கழுவிப் பயனில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை புதிது வாங்கிப் போட வேண்டும். பிளாச்சான் (இறால் விழுது) வறுக்கும் வீட்டில் இன்னும் சீக்கிரம். விற்கும்போது இதைச் சொல்கிறார்களா? "ஓட்டை வேண்டாம்" என்பதை மட்டும் சலுகை மாதிரி சொல்வார்கள். அடுக்குமாடியில் வேறு வழி இல்லாதவர் வாங்கட்டும். கொல்லைப்பக்கச் சுவர் சும்மா நிற்கும் டாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில் இதை ஏன் மாட்டுகிறார்கள்? சுவரைத் துளைக்கும் வேலை கடைக்காரருக்கு மிச்சம், அவ்வளவுதான். என் வீட்டிலும் இதே வகை ஒன்று தொங்கியது. கரி தேடிப் போனபோது அந்த மாடலுக்கு ஃபில்டர் வருவதில்லை என்றார்கள். உங்கள் சிம்னியில் குழாய் வாய் இருக்கிறதா என்று மேலே பாருங்கள். பலவற்றில் இருக்கும். இருந்தால் சுவரைத் துளைத்து வெளியே விட்டுவிடலாம்.

கேள்வி: ஆள் வந்து மாட்டினார். குழாயைச் சீலிங்குக்கு மேலே விட்டுவிட்டுப் போய்விட்டார். பரவாயில்லையா?

பதில்: கூடவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு கூரைக்குள் சேரும், கரப்பான் வரும், தீப்பிடித்தால் சுலபத்தில் அணையாது. திரும்பக் கூப்பிட்டு வெளியே விடச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுப்பு 90 செ.மீ. அகலம். 60 செ.மீ. சிம்னி மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: வாங்காதீர்கள்.

கேள்வி: சிம்னி இழுக்கும் காற்று மணிக்கு 1,200 கன மீட்டர், 2,000 கன மீட்டர் என்று எழுதியிருக்கிறதே, எதை எடுப்பது?

பதில்: முதலில் குழாயைப் பாருங்கள். நீளமும் வளைவும் கூடக்கூட அட்டையில் போட்ட எண் குறைந்துகொண்டே போகும். 6 அங்குல வாயில் 4 அங்குலக் குழாயைச் செருகினால் காற்று போகும் வழி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மோட்டார் சத்தம்தான் மிஞ்சும். குட்டையான, நேரான 6 அங்குலக் குழாய் இருந்தால் 1,200 நன்றாகவே வேலை செய்யும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். உள்ளே காற்று வராமல் வெளியே எது போகும்?

கேள்வி: ஃபில்டரில் எது நல்லது?

பதில்: தாளிப்பும் பொரியலும் அதிகம் என்றால் எஃகுப் பட்டைகள் வைத்த பேஃபிள். வலை ஃபில்டர் நன்றாகத்தான் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி கழுவணும். ஃபில்டரே இல்லாத வகையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொட்ட மறக்காதீர்கள்.

கேள்வி: தனியாக இருக்கும் என் அம்மாவிடம் விற்பனையாளர்கள் வீடு தேடி வந்து, சிம்னிக்கு 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) கையெழுத்து வாங்கிவிட்டார்கள். போன வாரம்தான். ரத்து செய்ய முடியாது என்கிறார்கள்.

பதில்: முடியும். அம்மாவைத் திட்டாதீர்கள், அவர்கள் பேசிப் பழகியவர்கள். அழைக்காமல் வீடு தேடி வந்து செய்த விற்பனைக்கு 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி 10 வேலை நாள் அவகாசம் உண்டு. ரத்து செய்வதாக இன்றே எழுதி அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம்.

கேள்வி: நேரலை விற்பனையில் பாதி விலைக்கு வாங்கினேன். ரிசீட் இல்லை, வாரண்டி அட்டை இல்லை, விற்றவர் எண்ணும் இப்போது வேலை செய்யவில்லை. அடுப்புக்கு 40 செ.மீ. மேலே மாட்டியிருக்கிறேன். சூட்டில் ஓரம் உருகுகிறது.

பதில்: ரிசீட்டைக் கேட்காமல் காசு அனுப்பியாயிற்று, பெட்டியில் வந்த தாளையும் படிக்கவில்லை. கேஸ் அடுப்புக்கு மேல் பெரும்பாலும் 65 முதல் 75 செ.மீ. இடைவெளி கேட்பார்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன் அதைக் கழற்றுங்கள். பணம் அனுப்பிய வங்கிப் பதிவு இருந்தால் அதோடு மறுபடி எழுதுங்கள்.