ஏழரையைக் கடந்தால்தான் எட்டரை

கேள்வி: உலக சினிமா பார்க்கும் ஆசையில் இத்தாலிய இயக்குநர் ஃபெடரிகோ ஃபெலினியின் ‘8½’ படத்தைப் போட்டேன். அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். வாயசைப்பும் வசனமும் வேறு ஒட்டவே இல்லை. கோளாறு பிரதியிலா, என்னிடமா? எந்தப் படத்திலிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டிலும் இல்லை, வரிசையில்தான் கோளாறு.

வாயசைப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் வசனத்தைப் பிறகு டப்பிங்கில்தான் சேர்த்தார்கள். ஃபெலினிக்கு அது வசதியாகவும் போயிற்று. கேமரா ஓடும்போதே நடிகர்களிடம் பேசிக்கொண்டிருப்பார்; சிலரை வசனத்துக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார். உதடு எப்படி ஒட்டும்?

‘8½’ என்பது ஒரு கணக்கு. அதற்குமுன் அவர் தனியாக இயக்கிய முழுநீளப் படங்கள் ஆறு. இரண்டு குறும்படங்கள் அரை அரையாக ஒன்று. 1950இல் ஆல்பர்ட்டோ லாட்டுவாடாவுடன் சேர்ந்து இயக்கிய முதல் படம் அரை. ஆக மொத்தம் ஏழரை. (‘8½’இல் அடுத்த படத்தை எடுக்க முடியாமல் தவிக்கும் இயக்குநர் கதாபாத்திரத்தைப் பிடித்திருப்பதும் கிட்டத்தட்ட ஏழரைதான்!) அந்த ஏழரையில் ஒன்றையும் பார்க்காமல் எட்டரைக்குத் தாவினால் தூக்கம் வரத்தான் செய்யும்.

1953இல் வந்த ‘ஐ விட்டெல்லோனி’யில் தொடங்குங்கள். கடலோரச் சிற்றூரில் வேலைவெட்டி இல்லாமல் திரியும் ஐந்து இளைஞர்கள். கடைசியில் மொரால்டோ மட்டும் விடியற்காலையில் ரயிலேறுகிறான். ரயில் நகரும்போது, படுக்கையில் தூங்கும் நண்பர்களை ஒவ்வொருவராகக் கடந்து போகிறது கேமரா, ஜன்னலிலிருந்து பார்ப்பதுபோல. 1920இல் ரிமினி என்ற கடலோர ஊரில் பிறந்த ஃபெலினி, 1939இல் அப்படித்தான் ரோமுக்குப் போனார். அங்கே நகைச்சுவைப் பத்திரிகைக்குக் கார்ட்டூன் வரைந்து பிழைத்தார்.

அடுத்து ‘நைட்ஸ் ஆஃப் கபீரியா’ (1957). நாயகி அவருடைய மனைவி ஜூலியட்டா மசீனா. என்னைக் கேட்டால் ஃபெலினியின் ஆகச் சிறந்த படம் இதுதான். நம்பியவன் பணத்தைப் பறித்துக்கொண்டு ஓடிவிட, சாலையில் தனியாக நடந்துவருகிறாள் கபீரியா. பாடியபடி வரும் இளைஞர்கள் அவளைச் சூழ்ந்துகொள்கிறார்கள். கன்னத்தில் மை கரைந்த கண்ணீரோடு சிரிக்கிறாள். ஒரு கணம் நம்மையும் பார்க்கிறாள். முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள், சொல்லித் தீரும் முகமல்ல அது.

பிறகு ‘லா டோல்சே வீட்டா’ (1960). பிரபலங்களைத் துரத்தும் புகைப்படக்காரர்களைக் குறிக்கும் ‘பாப்பராசி’ என்ற சொல், இதில் வரும் பாப்பராசோ என்ற புகைப்படக்காரரின் பெயரிலிருந்து பிறந்தது.

இவ்வளவும் முடிந்தபின் ‘8½’க்குத் திரும்புங்கள். தொடக்கக் கனவில் நாயகன் போக்குவரத்து நெரிசலில் சிக்கிய காரிலிருந்து வெளியேறி வானில் மிதக்கிறான். அவன் காலில் ஒரு கயிறு. கீழே கடற்கரையில் அதைப் பிடித்து இழுக்கும் ஆளின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் மறுபடியும் வருவார்.