உட்காராத பிள்ளையை வரைவது எப்படி?

(வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஓவியரின் பதில்கள்)

கேள்வி: மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஒன்றரை. இரண்டு பேரையும் சேர்த்து ஆயில் பெயின்டிங் வரையக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். ஐந்து நிமிடம் ஒரு இடத்தில் இருக்க மாட்டார்கள். போட்டோ கொடுத்தால் போதுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

போட்டோ வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது அம்மா. ஒன்றரை வயதுப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து வரைந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் முதல் நாள் வீட்டுக்குப் போனால் பிரஷ்ஷை வெளியே எடுப்பதே இல்லை, தரையில் உட்கார்ந்து பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன், கையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும், அவ்வளவுதான். ஒரு வீட்டில் பையன் எதை யோசித்தாலும் இடது காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். படத்தில் அதையே போட்டேன். "கையைக் கீழே இறக்கிவிடுங்களேன்" என்று அவன் அம்மா சொன்னார், பாட்டி விடவில்லை. கை அங்கேயே இருக்கிறது.

போட்டோ எடுக்கும்போது செல்போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், மூக்கு வீங்கி காது பின்னால் ஓடிவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். நின்றபடி குனிந்தும் எடுக்க வேண்டாம், தலை பெருத்து கால் சூம்பிப்போன மாதிரி வரும். நீங்களும் தரையில் உட்காருங்கள். ஃப்ளாஷ் கூடவே கூடாது, ஜன்னல் வெளிச்சம் போதும். இருவரையும் தனித்தனியாக எடுத்தாலும் ஒரே ஜன்னல், ஒரே பக்கத்து வெளிச்சமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வெட்டி ஒட்டிய பிளெக்ஸ் பேனர் மாதிரி ஆகிவிடும். அப்புறம், யார் எவ்வளவு உயரம் என்று தெரிய இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றாவது வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த ஓவியர் முன்பு வரைந்த குழந்தைப் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரியவர்களுக்குக் கண் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கும், குழந்தைக்கு அதற்கும் கீழே. நெற்றி அகலம், மோவாய் சின்னது. கருவிழி மட்டும் பிறக்கும்போதே ஏறக்குறைய பெரியவர்கள் அளவுக்கு இருக்கும், முகம்தான் பிறகு வளர்ந்து அதை எட்டிப் பிடிக்கிறது. ஒன்றரை வயதில் மொத்த உயரமே சுமார் நாலரைத் தலைதான், நமக்கு ஏழரை. இது பிடிபடாதவர் வரைந்தால் குழந்தை வராது, குள்ளமான மாமா ஒருவர்தான் வருவார்.

கேள்வி: என் பெண் மாநிறம். கொஞ்சம் கலராக வரையச் சொல்லலாமா?
- சேலம் வாசகர்

சொல்லலாம் சார். என்னிடம் சொன்னால் செய்ய மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் வேலையே வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கிறேன், வருத்தமும் இல்லை. நியாயத்தை விடுங்கள், தொழிலாகவே பாருங்கள்: வெள்ளையைக் கலந்துகொண்டே போனால் தோல் வெளுக்காது, திருநீறு பூசின மாதிரி சாம்பலடிக்கும். மாநிறத்துக்கு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, எல்லோ ஓக்கர் என்கிற காவி மஞ்சள், துளி அலிஸரின் சிவப்பு, நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலம் என்று போவேன், கறுப்பு டியூபைத் தொடுவதில்லை. ஜன்னல் வெளிச்சம் நெற்றியில் விழுகிற இடத்தில் லேசாக நீலம் பூக்கும். பின்னாலிருந்து வெயில் பட்டால் காது மடல் ரத்தச் சிவப்பாக ஒளிவிடும். சிவத்த தோலில் இத்தனை அழுத்தமாக அந்த நீலம் தெரியாது என்பது என் கட்சி. உங்கள் பெண் நாளைக்குப் படத்தின் முன் நின்று "இது யாருப்பா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கேள்வி: பட்டுப்பாவாடை, நகை, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. சரிதானே?
- மதுரை வாசகி

பட்டுப்பாவாடை சரி, ஆனால் இடுப்பில் குத்துகிறது என்று பிள்ளை அழுதால் பொறுப்பு உங்களுடையது. ஜரிகை வரைய நாள் பிடிக்கும், அதற்கும் சேர்த்துத்தான் விலை. பல் தெரிகிற சிரிப்பு வேண்டாம். போட்டோவில் அது ஒரு நொடி, சுவரில் வருடக்கணக்காக இளித்துக்கொண்டிருக்கும். ரவி வர்மா 1893-ல் தன் மகளையும் பேரனையும் வரைந்த படத்துக்கு 'இதோ அப்பா வருகிறார்' என்று அர்த்தம் வரும் ஆங்கிலப் பெயர் வைத்தார். வருகிற அப்பா படத்திலேயே கிடையாது. பிள்ளையைப் பார்க்கச் சொல்ல கேமராதானா கிடைத்தது? கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை மட்டும் துடைத்துவிடாதீர்கள். பாதி கலைந்த அந்த மைப்பொட்டு இருந்தால் கன்னத்தின் உருட்சி தானாக வந்துவிடும், எனக்கு அரை நாள் வேலை மிச்சம்.

கேள்வி: மாதக்கணக்கில் ஆகும் என்கிறாரே, இழுத்தடிக்கிறாரா?
- தூத்துக்குடி வாசகர்

இல்லை. ஆயில் பெயின்ட் தண்ணீர் வற்றிக் காய்கிற சமாச்சாரம் அல்ல, அதில் கலந்திருக்கிற லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. அடிப்பூச்சு மெல்லிசாக, மேலே போகப்போக எண்ணெய் கூட. மாற்றிப் பூசினால் பிற்பாடு வெடிக்கும். படத்தைக் கையில் வாங்கின பிறகும் வார்னிஷுக்குப் பொதுவாக ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். கடலோர ஊர் என்பதால் ஈரச் சுவரை ஒட்டி மாட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். விளக்குப் புகை படுகிற பூஜை அறையும் வேண்டாம்.

கேள்வி: படம் வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் பையன் மாதிரி இல்லை. சொன்னால் கோபித்துக்கொள்வாரோ?
- பெயர் வேண்டாம், சென்னை

தாராளமாகச் சொல்லுங்கள். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1881-ல் பாரிஸில் ஒரு வங்கிக்காரரின் இரண்டு பெண் பிள்ளைகளை, ஒருத்திக்கு ரோஸ் பட்டை, இன்னொருத்திக்கு நீலப் பட்டை கட்டிய கோலத்தில் வரைந்து கொடுத்தார். வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. இன்று அது பிரேசிலில் சாவ் பாலோ அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. ரெனுவாருக்கே அந்தக் கதி, உங்கள் ஓவியர் தாங்கிக்கொள்வார்.

ஆனால் "மாதிரி இல்லை" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், அல்லது தலைகீழாகத் திருப்பி போட்டோவின் பக்கத்தில் வையுங்கள், எங்கே பிசகு என்று கண்ணுக்குப் படும். என் அனுபவத்தில் பெரும்பாலும் வாய் ஓரம்தான், ஒரு நூல் ஏறியோ இறங்கியோ இருக்கும். அந்த இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காலையில் முடிகிற வேலை, அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.