கொட்டகையில் கிடக்கும் 1968 ஜிடிஓ: முதலில் எண்ணைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பண்ணைக் கொட்டகையில் கிடக்கும் 1968 போன்டியாக் ஜிடிஓ கார் அசல்தானா, அதை வைத்திருக்கும் பெரியவர் விற்க மறுக்கிறாரே, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

ஓட்டுநர் பக்க முன்கண்ணாடியில் படிந்த தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். டாஷ்போர்டின் மேல் வாகன அடையாள எண் பொறித்த சிறிய தகடு தெரியும். அந்த எண் 242 என்று தொடங்கினால் ஜிடிஓ. 237 என்றால் போன்டியாக்கின் இன்னொரு மாடலான லெமான்ஸ்தான், ஜிடிஓ சின்னங்களை மட்டும் மாற்றி ஒட்டியிருப்பார்கள். அப்புறம் எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம் பொறித்திருக்கும் எண்ணின் கடைசி இலக்கங்களை இந்தத் தகட்டின் கடைசி இலக்கங்களோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் விலை கூடுதலாகக் கேட்பார், கொடுக்கலாம்.

டிக்கித் தரையையும் அடிச்சட்டத்தையும் தட்டிப் பாருங்கள். துரு அங்கேதான் தின்றிருக்கும்.

பெரியவரை அவசரப்படுத்தாதீர்கள். சேர்த்து வைத்ததெல்லாம் காயலான் கடைக்குப் போய்விடுமோ என்ற பயம்தான் இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் இருக்கும். அலமாரியில் உள்ள கார்புரேட்டர்கள், கதவுப்பிடிகள் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். உரிமைப் பத்திரம் அவர் பெயரில் இருப்பதைப் பார்க்காமல் பணம் கொடுக்கவே வேண்டாம்.