மன்னிப்புக் கேட்கப் போன தூதர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1793இல் பிரிட்டிஷ் தூதராகப் பெய்ஜிங் போன மகார்ட்னி பிரபு, சீனப் பேரரசர் முன் நெற்றி தரையில் பட வணங்க மறுத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எதிர்த்திசையில் யாராவது போனார்களா என்று தேடினேன். 1877 வரை லண்டனில் சீனாவுக்கு ஒரு நிரந்தரத் தூதர்கூட இல்லையாம். 84 வருஷம்! இது வெறும் அகந்தைதானா?

செல்வம், கோவை

அன்புள்ள செல்வம்,

ஆண்டு சரிதான். அகந்தையும் இருந்தது. ஆனால் அதைவிட, அப்படி ஒரு வேலையே சீன அரசவையின் வழக்கத்தில் இல்லை. தூதர் என்றால் திறை சுமந்து பெய்ஜிங்குக்கு வருகிறவர். இங்கிருந்து ஒருவர் கிளம்பிப்போய் இன்னொரு ராஜாவின் ஊரில் குடியிருப்பதாவது! 1868இல் மேற்கு நாடுகளுக்கு ஒரு குழுவை அனுப்பியபோது, அதற்குத் தலைவராகப் போட்டது பர்லிங்கேம் என்ற அமெரிக்கரை. அதுவரை பெய்ஜிங்கில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் அவர். தியான்ஜினில் பிரெஞ்சு கான்சலும் கன்னியாஸ்திரீகளும் கொல்லப்பட்ட பிறகு, வருத்தம் தெரிவிக்க சோங்ஹோ என்ற அதிகாரி பிரான்சுக்குப் போனார். சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

லண்டன் கதையும் மன்னிப்பில்தான் தொடங்குகிறது. 1875 பிப்ரவரியில் மார்கரி என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி, பர்மா எல்லையை ஒட்டிய யுன்னானில் கொல்லப்பட்டார். பிரிட்டன் விடவில்லை. 1876இல் ச்சீஃபூ ஒப்பந்தம். பணமும் கொடுக்க வேண்டும், ஆள் அனுப்பி மன்னிப்பும் கேட்க வேண்டும். போகச் சொன்னது குவோ சொங்தாவ் என்ற ஹூனான் மாகாணத்துக்காரரை. 58 வயது. உடம்பும் சரியில்லை.

ஊரே அவரைத் திட்டியது. எப்படித் திட்டினார்கள் என்பதுதான் சுவாரசியம். கன்ஃபூசியஸ், மென்சியஸ் நூல்களிலிருந்தே வரிகளைப் பிய்த்து ஒரு ஈரடி கட்டினார்கள். ‘மனிதருக்கே தொண்டு செய்யத் தெரியாதவன் பேய்க்கு எப்படிச் செய்வான்? தாய் தந்தையர் நாட்டை விட்டுப் போவானேன்?’ என்று முடியும். மூலத்தில் பேய் என்பது செத்தவர்களின் ஆவி. இங்கே வெள்ளைக்காரன். நம்மூரில் குறளை வைத்தே ஒருவரை வசைபாடுவது மாதிரி. படித்தவர்கள் திட்டினால் இப்படித்தான் இருக்கும்.

1877 ஜனவரி 21 அன்று லண்டன் வந்து சேர்ந்தார். பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மகாராணியைப் பார்த்தார். கப்பலில் வரும்போது எழுதிய நாட்குறிப்பைப் பெய்ஜிங்கில் இருந்த சீன வெளியுறவு அலுவலகத்துக்கு அனுப்பினார். மேற்கு நாடுகளுக்கும் இரண்டாயிரம் வருஷ அரசாட்சி மரபு உண்டு, அவர்கள் பழைய நாடோடிக் கூட்டங்களைப் போன்றவர்கள் அல்ல என்பது அதன் சாரம். அலுவலகம் அதை அச்சிட்டது. அச்சுப்பலகைகளையே அழிக்கச் சொல்லி அரசவை உத்தரவு போட்டது. இனி யாரும் அதைப் படிக்கக்கூடாது.

கூட வந்த துணைத்தூதர் லியூ ஷிஹோங் அவருக்கு எதிராகக் குற்றப்பட்டியலே தயாரித்தார். உங்கள் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்று, கோட்டை பார்க்கப்போன இடத்தில் குளிருக்கு வெள்ளைக்காரனின் மேலங்கியைப் போர்த்திக்கொண்டார். விறைத்துச் செத்தாலும் போர்த்தியிருக்கக் கூடாதாம். இரண்டு, பிரேசில் மன்னர் வந்தபோது எழுந்து நின்றார். மூன்று, பக்கிங்ஹாம் அரண்மனைக் கச்சேரியில் வெள்ளைக்காரர்களைப் போல நிகழ்ச்சிநிரல் தாளை அடிக்கடி எடுத்துப் பார்த்தார். இவை நாட்டுத் துரோகம்! எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு வரவில்லை. மகார்ட்னியின் முழங்காலை வைத்து அன்று என்ன சண்டை நடந்ததோ, அதேதான் இங்கே ஒரு மேலங்கியை வைத்து நடக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். மகார்ட்னிக்கு அவருடைய நாடு பின்னால் நின்றது.

லியூ பிறகு ஜெர்மனிக்குத் தூதராகப் போனார். கடைசியில் இருவரையுமே திரும்ப அழைத்துவிட்டார்கள். 1879இல் குவோ சொந்த மாகாணத்துக்கு வந்தபோது, சாங்ஷா நகரில் அவரை ஏசிச் சுவரொட்டிகள். 1891இல் இறந்தார். வழக்கமாக உயர் அதிகாரிகளுக்குத் தரும் மரணத்துக்குப் பிந்தைய கௌரவத்தை அரசவை தரவில்லை. 1900இல் வெளிநாட்டினருக்கு எதிராக எழுந்த பாக்ஸர் கலவரத்தின்போது, அவருடைய பிணத்தைத் தோண்டியெடுத்துத் தண்டிக்க வேண்டும் என்று மனுப்போட்ட அதிகாரிகளும் உண்டு.

லண்டன் போர்ட்லண்ட் பிளேஸில் தொடங்கிய தூதரகம் மட்டும் நிலைத்தது. 1896 அக்டோபரில், சீன மன்னராட்சியை எதிர்த்த புரட்சியாளர் சுன் யாட்-சென்னைப் பன்னிரண்டு நாள் அடைத்து வைத்தது அங்கேதான். ஆங்கிலேய வேலைக்காரர் ஒருவர் வழியாக வெளியே சீட்டுப் போய், செய்தி நாளிதழில் வந்து, விட்டார்கள். அவரை உள்ளே வைத்திருந்த தூதரக ஆலோசகர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். குவோவுடனேயே செயலாளராக லண்டன் வந்தவர். பெயர் ஹாலிடே மகார்ட்னி. ஆமாம், நீங்கள் கடிதத்தில் குறிப்பிட்ட அதே மகார்ட்னி குடும்பம்.